நெடுந்தூரக் கார் பயணத்தில் குறுக்கு வலி: இருக்கையைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கோவில்பட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே குறுக்கு பிடித்துக்கொள்கிறது என்பவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் காரியம், ஒரு குஷனை வாங்கி முதுகுக்குப் பின்னால் செருகிக்கொள்வதுதான். எந்தக் குறைக்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கிய குஷன் பெரும்பாலும் பழைய குறையின் மேல் புதிய குறை ஒன்றை ஏற்றிவிடுகிறது. உட்காரும் அமைப்பு தவறாக இருக்கலாம், இருக்கையே உள்ளே கெட்டுப் போயிருக்கலாம், அல்லது சக்கரத்திலிருந்து அதிர்வு ஏறலாம். இம்மூன்றில் எது என்று கண்டறிந்த பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை, செலவில்லாத வேலையில் தொடங்கிச் செலவுள்ள வேலைக்குப் போகிறது. வரிசையை மாற்றினால் எந்த மாற்றம் பலன் தந்தது என்று பிறகு தெரியாமல் போகும்.

1. வலி எங்கே, எப்போது என்று கவனியுங்கள்

காரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எந்த இடத்தில் தொடங்குகிறது, ஓட்டத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது, இறங்கி நடந்தால் எவ்வளவு நேரத்தில் தணிகிறது. ஒரு பக்க இடுப்பில் மட்டும் வலித்தால் இருக்கை ஒருபுறம் சாய்ந்திருக்கலாம், அல்லது பின் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கலாம். நடு இடுப்பில் வலித்தால் முதுகின் உள்வளைவுக்குத் தாங்கல் இல்லாமல் இருக்கலாம். தோளும் கழுத்தும் வலித்தால் ஸ்டியரிங் தொலைவில் இருக்கலாம்.

வலி காலுக்கு இறங்கி மரத்துப் போனாலோ, பாதத்தில் பலம் குறைந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தாலோ இருக்கையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். தொடைகளின் இடைப்பகுதி மரத்துப் போவதும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவதும் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டிய அறிகுறிகள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டர்க்கி டவல், இரண்டு ரப்பர் வளையம், அளவு நாடா, நேரான மரச்சட்டம் ஒன்று, டார்ச், வண்ண டேப். காருடன் வந்த கையேடும் வேண்டும். ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். நீங்கள் வழக்கமாக அணிந்து ஓட்டும் செருப்பையோ ஷூவையோ அணிந்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன் அளவெடுத்துவிட்டுத் தடித்த ஷூவுடன் ஓட்டினால் அளவு ஒத்து வராது.

வேலையைக் காலையில், சமதளத்தில் நிறுத்திச் செய்யுங்கள். மதியம் வெயிலில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்தால் பொறுமையும் இருக்காது; சூட்டில் இளகிய ஃபோமும் சரியான கணக்கைச் சொல்லாது.

3. இருக்கையை வெறுமையாக்குங்கள்

பின்னால் செருகிய குஷன், அடியில் போட்ட தலையணை, மரமணி விரிப்பு, மேலே விரித்த துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த இருக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது. மரமணி விரிப்பு வாடகைக் கார் ஓட்டுநர்கள் பலருக்குப் பிடித்தமானது. நம் ஊர் வெக்கையில் முதுகுக்குக் காற்றுப் படுவதற்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது எந்த வளைவையும் தாங்குவதில்லை. வழுக்குவதால் இடுப்பை முன்னால் நகர்த்தவும் செய்கிறது.

பின் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். பர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு ஒருபுறம் உயர்ந்து, முதுகெலும்பு மறுபுறம் வளைந்தே பயணம் முழுவதும் இருக்கும். புதிதாகக் கார் வாங்கி வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பர்ஸ் எங்கே என்றுதான். அரைவாசிப் பேர் சிரித்துக்கொண்டே பின்னால் கை வைப்பார்கள். வேட்டி கட்டி ஓட்டுபவர்கள் மடிப்பும் பெல்ட்டும் முதுகுப் பக்கம் திரளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கீழிருந்து மேலாக அமைப்பைச் சரிசெய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. பாதிப் பேருக்கு இத்துடன் பிரச்சினை முடிந்துவிடும். பெரும்பாலோர் முதுகுச் சாய்வில் தொடங்குகிறார்கள். அது தவறு, உயரத்தையும் தூரத்தையும் மாற்றும்போதெல்லாம் சாய்வு மறுபடி மாறிவிடும். ஆகவே உயரம், தூரம், சாய்வு, ஸ்டியரிங், தலைத்தாங்கி, கண்ணாடி என்ற வரிசையை விடாதீர்கள்.

உயரம்: இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, முதுகின் உள்வளைவு மறைந்துவிடும்; முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் (டிஸ்க்) மேல் சுமை கூடும். தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரல் இடம் மிஞ்சும் வரை உயர்த்தலாம். விலை குறைந்த மாடல்களில் உயரத்தை மாற்றும் நெம்புகோல் இருக்காது. அதற்காக, இருக்கை முன்னும் பின்னும் நகரும் ரெயிலுக்கு அடியில் வாஷரோ இரும்புத் துண்டோ வைத்து உயர்த்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், செய்யவே வேண்டாம். விபத்தின்போது இருக்கையோடு உங்கள் எடையையும் பிடித்து நிறுத்துவது, ரெயிலைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள்தான்.

தூரம்: பிருஷ்டத்தை இருக்கையின் கடைசி மூலை வரை பின்னால் தள்ளி உட்கார்ந்து, கிளட்சை முழுவதும் மிதியுங்கள். மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கால் நீண்டுவிட்டால் ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் இடுப்பு இடப்பக்கம் சரியும். டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டை நெரிசலிலும் எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை வைத்து இதே சோதனையைச் செய்யலாம். என்ஜின் ஓடும்போது செய்யுங்கள். அணைத்திருந்தால் ஓரிரு மிதிக்குப் பின் பிரேக் இறுகிவிடும்.

அதே நிலையில் முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். அந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்க நீங்கள் அறியாமலே முன்னால் நகர்ந்து கூனுவீர்கள்.

முதுகுச் சாய்வு: இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையே 100 முதல் 110 பாகை வரை இருப்பது நல்லது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. தோள்பட்டை இருக்கையை விட்டுப் பிரியாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். உள்ளங்கை மட்டுமே எட்டினால் சாய்வு அதிகம். நீண்ட பயணம் என்றதும் ஈசிசேரில் சாய்வது போலச் சாய்த்துக்கொள்வது பலருடைய வழக்கம். ஆனால் சாலையைப் பார்க்கத் தலையை முன்னுக்குத் தள்ள வேண்டியிருப்பதால் தோள் தானே பலகையை விட்டு எழுந்துவிடும், முதுகு அந்தரத்தில் நிற்கும்.

ஸ்டியரிங்: மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிவதற்கு அந்த இடம் தேவை. குள்ளமானவர்களுக்குக் கிளட்ச் எட்டும்போது இந்த இடைவெளி கிடைக்காமல் போகலாம். அப்போது முதுகுப் பலகையைச் சிறிது சாய்த்து, ஸ்டியரிங்கைத் தாழ்த்துங்கள்.

தலைத்தாங்கி: அதன் உச்சி உங்கள் தலையின் உச்சி அளவுக்கு வர வேண்டும். கழுத்துக்கு வைக்கும் தலையணை அல்ல அது. பின்னாலிருந்து வண்டி மோதினால் தலை பின்னால் ஒடியாமல் பிடிப்பது.

கண்ணாடி: கடைசியாக, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் உள்கண்ணாடியில் பின்புறக் கண்ணாடி முழுவதும் தெரியும்படி வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பின் அது முழுதாகத் தெரியவில்லை என்றால் நீங்கள் சரிந்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போது கண்ணாடியைத் திருப்பாதீர்கள், நிமிர்ந்து உட்காருங்கள். இதைவிட மலிவான எச்சரிக்கைக் கருவி வேறு இல்லை.

5. துண்டைச் சுருட்டி உள்வளைவுக்குத் தாங்கல் கொடுங்கள்

இடுப்புத் தாங்கலை மாற்றும் வசதி உங்கள் இருக்கையில் இருந்தால் அதை முழுவதும் குறைத்துவிட்டு, ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் டர்க்கி டவல் போதும். அதை நீளவாக்கில் மடித்து, மணிக்கட்டுப் பருமனுக்குச் சுருட்டி, இரு முனையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். பேன்ட் பெல்ட் இருக்கும் மட்டத்திலும் அதற்குச் சற்று மேலும் படும்படி, முதுகுக்குக் குறுக்காக வையுங்கள்.

புதியவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, விலா எலும்பின் மட்டத்துக்கு மேலே வைப்பது. அது முதுகை முன்னால் தள்ளிக் கூனைக் கூட்டும். மற்றொன்று, தடிமனாகச் சுருட்டுவது. அப்போது தோள் பலகையை விட்டுப் பிரிந்துவிடும். வைத்த உடனே ‘ஆகா, நன்றாகத் தாங்குகிறது’ என்று தோன்றினால் பெரும்பாலும் தடிமன் அதிகம். இருப்பது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவே ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கும்.

துண்டு வைத்த பிறகு உடல் சற்று முன்னால் வந்திருக்கும். எனவே கிளட்ச் சோதனையையும் மணிக்கட்டுச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலேயே படிகிறதா என்றும் பாருங்கள்.

துண்டு உதவினால் அதன் பருமனையும் உயரத்தையும் அளந்துகொண்டு, பிறகு கடையில் அதே அளவுள்ள தாங்கலை வாங்கலாம். மெமரி ஃபோம் வாங்குவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். வெயிலில் நின்ற வண்டியில் கூழாகக் குழைந்திருக்கும் அது, ஏசி போட்ட பிறகு வேறொரு பொருளாகிவிடும். என் கணிப்பில் இந்த ஊருக்குச் சாதாரண ஃபோமே மேல்.

6. சாலையில் சோதியுங்கள்

பேட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வலி எத்தனை நிமிடத்தில் வரும் என்று குறித்து வைத்தீர்கள் அல்லவா, அதைவிடச் சற்று அதிக நேரம் ஓட்ட வேண்டும். நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி வரை போய்த் திரும்புவது பலருக்குப் போதுமானது. சாலை சீராக இருப்பதால் அமைப்பின் குறை மட்டும் தனியாகத் தெரியும். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைப் பாதையில் சோதித்தால் எந்த இருக்கையும் தோற்றுவிடும். அது சோதனை ஆகாது.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உயரத்தையும் துண்டையும் ஒரே நாளில் மாற்றி, வலி குறைந்தால் எதற்கு நன்றி சொல்வது?

7. இருக்கையின் உள்ளே பாருங்கள்

அமைப்பு சரியான பிறகும் வலி தொடர்ந்தால் இருக்கையைச் சந்தேகியுங்கள். இதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது: பக்கத்து இருக்கை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் இருக்கையே அதிகம் தேய்கிறது. பக்கத்து இருக்கை ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும்.

மரச்சட்டத்தை இருக்கையின் இரு பக்க மேடுகளின் மேலும் குறுக்காக வைத்து, சட்டத்திலிருந்து நடுப்பகுதி எவ்வளவு பள்ளம் என்று அளவுநாடாவால் பாருங்கள். பக்கத்து இருக்கையிலும் அவ்வாறே அளந்து ஒப்பிடுங்கள். பிறகு இரண்டிலும் அதே இடத்தில் மடக்கிய கையால் அழுத்துங்கள். ஒன்றில் அடித்தகடோ கம்பியோ கைக்குத் தட்டுப்பட்டால் ஃபோம் போய்விட்டது.

நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கக் கதவு வழியாக ஏறி இறங்குவதால் இருக்கையின் வலப்பக்க மேடுதான் முதலில் நசுங்கும். இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால், பர்ஸ் வைத்ததைப் போலவே இடுப்பு சாயும். ஒருபக்க வலி இருந்தால் இதைத் தவறாமல் பாருங்கள்.

அடுத்து இருக்கையைப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். சில இருக்கைகளில் வளைந்து வளைந்து செல்லும் ஸ்பிரிங் கம்பிகள் ஃபோமைத் தாங்கும். அவற்றில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்றிருந்தாலும் அந்த இடம் குழியாகும். கொக்கியை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. ஸ்பிரிங் இல்லாமல் இரும்புத் தகடு மட்டும் உள்ள இருக்கைகளில் ஃபோமே எல்லா வேலையையும் செய்கிறது. அது தேய்ந்தால் வேறு வழியில்லை. கீழே மஞ்சள் நிற இணைப்புடன் ஒயர் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது ஏர்பேக் சார்ந்தது.

இருக்கையைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ரெயிலில் ‘டக், டக்’ என்று ஆட்டம் இருந்தால் அது வலி சார்ந்த பிரச்சினையாக மட்டும் இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. அதைக் குஷன் கடைக்கு எடுத்துச் செல்லாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

8. குஷன் கடையில் என்ன சொல்ல வேண்டும்

குஷன் வேலை செய்பவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் என்ன வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் ‘நல்லா மெத்துன்னு பண்ணித் தாரேன் அண்ணாச்சி’ என்று மேலே இரண்டு அங்குலம் மென்மையான ஃபோம் ஒட்டித் தந்துவிடுவார்கள். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும். கங்கைகொண்டானைத் தாண்டும்போது அது அமுங்கி, இடுப்பு பழையபடி குழிக்குள் இறங்கிவிடும். உயரம் கூடியதால் கிளட்ச், கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாமே மாறியிருக்கும்.

எனவே இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணாச்சி, மேலே எதுவும் ஏற்ற வேண்டாம். பள்ளம் விழுந்த ஃபோமை வெட்டியெடுத்துவிட்டு, அதே உயரத்துக்குக் கெட்டியான ஃபோம் வைத்துத் தாருங்கள். பக்கத்து இருக்கையின் அளவே இதற்கும் அளவு.” ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். கடைகளில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்பது அதன் பொருள். அடர்த்தி கூடினால் நீண்ட நாள் உழைக்கும். எனவே 40க்குக் குறையாமல் வாங்குங்கள். அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதால் கையால் அழுத்தியும் பாருங்கள். தையல் போடுவதற்கு முன் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தைத்த பிறகு பிரிக்க யாருக்கும் மனம் வராது.

முதுகுப் பலகையின் வெளிப்பக்கத்தில் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பக்க ஃபோமை வெட்டவோ, மேலே சாதாரண உறை போட்டு மூடவோ கூடாது. மூடினால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் உறையில் சிக்கும். அதற்கென்று தையல் விட்ட உறைகள் தனியாகக் கிடைக்கின்றன. உறைத் துணியைப் பொறுத்தவரை, ரெக்சின் துடைக்க எளிது; ஆனால் வேர்வையில் ஒட்டும், அல்லது வழுக்கும். வழுக்கும் இருக்கையில் இடுப்பு முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதுவரை செய்த வேலை வீணாகும். துணி உறைக்கே என் வாக்கு.

9. சக்கரத்திலிருந்து ஏறும் அதிர்வு

உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வை மற்ற அதிர்வுகளைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறது. மென்மையான குஷன் இந்த அதிர்வைச் சில சமயம் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். ஆகவே நான்குவழிச் சாலையில் வராத வலி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வந்தால் இருக்கையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளின் அளவுக்கு வையுங்கள். மைலேஜுக்காகக் கூட்டி அடிப்பவர்கள் சேமித்த பெட்ரோலை முதுகால் கட்டுகிறார்கள். பெரிய ரிம்மும் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயரும் மாட்டியிருந்தால் அதிர்வு கூடும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

10. பின்னிருக்கையில் பெரியவர்கள்

பின்னிருக்கையின் சாய்வைப் பெரும்பாலான கார்களில் மாற்ற முடியாது. திருச்செந்தூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ கூட்டிச் செல்லும் பெரியவர்களுக்கு ஐந்தாம் படியின் துண்டு போதும். கால் தரையில் படாமல் தொங்கினால் தொடையின் கீழ் அழுத்தம் ஏறி இடுப்பு முன்னால் நகரும். எனவே உருளாத, தட்டையான ஒன்றைக் காலடியில் வையுங்கள். அங்கும் சீட் பெல்ட் கட்டாயம்.

11. நிறுத்தங்களும் குறிப்புகளும்

சரியான இருக்கையிலும் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முதுகு படைக்கப்படவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க எப்படியும் நிறுத்துவோம். காரிலிருந்தபடியே வாங்காமல் இறங்கிப் போய் வாங்குங்கள். ஊர் சேர்ந்ததும் டிக்கியைத் திறந்து அரிசி மூட்டையைத் தூக்காதீர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்த முதுகுக்குச் சில நிமிட நடை கொடுத்த பிறகு தூக்குங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த நாளில் வண்ண டேப்பை வெட்டி, ரெயிலின் ஓரத்தில் தூரத்தைக் குறித்து ஒட்டுங்கள். முதுகுப் பலகையை முழுவதும் நிமிர்த்தி, அங்கிருந்து எத்தனை ‘கிளிக்’ பின்னால் சாய்த்தால் உங்கள் நிலை வருகிறது என்று எண்ணிக் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். திருகும் வகைச் சாய்வு என்றால் எத்தனை சுற்று என்று எழுதலாம். சர்வீஸுக்குப் போய்த் திரும்பும் வண்டியின் இருக்கை இடம் மாறாமல் வருவது அபூர்வம். குறிப்பு இருந்தால் வண்டியை எடுத்த இடத்திலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். புதிய ஃபோம் வைத்தவர்கள், அது படிந்து சற்றுத் தாழும் என்பதால், சில வாரம் கழித்து உயரத்தையும் கண்ணாடியையும் ஒரு முறை மறுபடி பார்த்துப் பழைய குறிப்பை அடித்துப் புதியதை எழுத வேண்டும்.